கரையேறிய ஓடத்துக்கு ஒரு தாங்கி

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வாழ்வும் தாழ்வும் மாறிமாறி வரும் என்பதை உணர்த்தவே அவர்கள் அதனைச் சொன்னார்கள். ஆயின், அம்மொழியின் நேர்ப்பொருளையே கைக்கொண்டு, ஓடத்தை உண்மையாகவே வண்டியில் ஏற்றிச் செல்வோர் இன்று பல நாடுகளிலும் பெருகியுள்ளனர். கயாக் எனப்படும் ஒடுங்கிய நீண்ட ஓடத்தைக் காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு, விடுமுறை நாளில் ஏரியையும் ஆற்றையும் நாடிச் செல்வது மேல்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். நம் நாட்டிலும் கற்பிட்டிக் களப்பிலும் மட்டக்களப்பு வாவியிலும் இவ்வோடங்களை இன்று காண்கிறோம்.

ஓடத்தை வாங்குவோர் அதன் நிறத்தையும் வேகத்தையும் பற்றி விரிவாக ஆராய்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் அதனை எங்கே வைப்பது, எப்படிச் சுமப்பது என்று எண்ணுவோர் மிகச் சிலரே. சுவரோரம் சாய்த்து வைக்கிறார்கள்; அல்லது இரு நுனிகளிலும் கயிறு கட்டிக் கூரையிலே தொங்கவிடுகிறார்கள். சில மாதங்கள் சென்றபின் அடிப்பாகம் குழிந்தும் நடுப்பகுதி தொய்ந்தும் கிடப்பதைக் கண்டு வருந்துகிறார்கள்.

இதன் காரணம் எளிது. நீரில் மிதக்கும் ஓடத்தை நீரே தாங்குகிறது. அதுவும் ஓரிடத்திலன்று; அடிப்பாகம் முழுவதையும் உள்ளங்கையில் ஏந்துவதுபோல ஏந்துகிறது. கரைக்கு வந்தவுடன் அந்தக் கை விலகிவிடுகிறது. அப்போது ஓடத்தைத் தாங்குவது யார்? நாம் அமைக்கும் இரண்டொரு மரச்சட்டங்களே. ஆகவே நல்ல தாங்கி என்பது, இயன்ற மட்டும் நீரின் வேலையை நிலத்திலே செய்வதாகும். இந்த ஒரு கருத்தை மனத்திற் கொண்டால், வீட்டிலேயே ஒரு தாங்கியைச் செய்துகொள்வது கடினமன்று.

கல்தூணின் மேல் வைத்த ஓடம்

கயாக்கைப் படைத்தவர்கள் வடதுருவத்தை அடுத்த பனிநாட்டு மக்கள். முன்னாளைப் பாடநூல்கள் எஸ்கிமோவர் என்று குறிப்பிட்ட இனுவிட் மக்கள் அவர்களுள் முதன்மையானோர். மரம் வளராத அந்நாட்டிலே கடலலை கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைகளையும் எலும்பையும் கொண்டு கூடு அமைத்து, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துத் தைத்து ஓடமாக்கினர். தோலைப் பதப்படுத்தித் தைப்பது பெண்களின் பணி. அதில் ஏறி வேட்டைக்குச் செல்வது ஆண்களின் பணி. ஓடம் கெட்டால் அக்குடும்பத்தில் அடுப்பெரியாது.

இத்தகைய அரும்பொருளுக்குக் கடலிலும் பார்க்கக் கரையில் ஒரு பெரும் பகை இருந்தது. சறுக்குவண்டி இழுக்கும் நாய்கள், பசி மிகுந்தால் ஓடத்தின் தோலையும் அதனைக் கட்டிய வாரையும் கடித்துத் தின்றுவிடும். ஆகையால் அம்மக்கள் கற்களை அடுக்கி இரு தூண்கள் எழுப்பி, நாய்க்கு எட்டாத உயரத்தில் ஓடத்தைக் கிடத்தினர். மரம் கிடைத்த இடங்களில் மரத்தாலான தாங்கிகளை அமைத்தனர். கனடாவின் வடபகுதியில் இத்தகைய பழங்கல் தாங்கிகள் இன்றும் எஞ்சியுள்ளன. இரண்டு தூண்கள், அவற்றின்மேல் ஓர் ஓடம்: இன்றைய வீட்டுத் தாங்கியின் முழுத் தத்துவமும் அதிலே அடங்கிவிட்டது.

சுமப்பதற்கும் அவர்கள் எளிய வழி கண்டனர். 1888 ஆம் ஆண்டில் கிறீன்லாந்தைக் குறுக்கே கடந்த நோர்வே நாட்டு அறிஞர் பிரிட்யோவ் நான்சன், அங்கே குளிர்காலத்தைக் கழித்தபோது கயாக் செலுத்தவும் பழகிக்கொண்டார். ஓடத்தைத் தலையிலே சுமந்தபடி நெடுந்தூரம் நடக்கும் அம்மக்களின் வழக்கத்தை அவர் தமது நூலிலே விவரித்துள்ளார்.

வண்டிக்கேற்ப மாறிய ஓடம்

இவ்வோடம் ஐரோப்பாவில் பொழுதுபோக்குக்குரிய பொருளானபோது, அதனைக் கொண்டுசெல்லும் சிக்கலும் கூடவே வந்தது. இங்கிலாந்தில் ஜோன் மக்கிரெகர் என்னும் வழக்கறிஞர், கயாக்கைப் பின்பற்றி மரத்தால் ஓர் ஓடம் செய்வித்து, அதற்கு ‘றொப் றோய்’ எனப் பெயரிட்டு, 1865 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆறுகளிலே பயணஞ் செய்தார். அவ்வோடம் 15 அடி நீளமும் 80 இறாத்தல் எடையும் உடையது. ஜேர்மன் நாட்டு இரயில் வண்டியுள் அடங்க வேண்டும் என்பதையும் எண்ணியே அதன் நீளம் வரையறுக்கப்பட்டது. வண்டிக்கேற்ப ஓடம் குறுகியது எனலாம்.

1905 ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து மாணவராகிய அல்பிரெட் ஹொய்ரிக் இன்னும் ஒருபடி முன்சென்றார். மரக்கூட்டைக் கழற்றவும் போர்வைத் துணியை மடிக்கவும் கூடிய ஓடத்தை அவர் அமைத்தார். 1907 இல் அந்த உரிமையை வாங்கிய யோகான் கிளெப்பர் என்னும் தையற்கலைஞர், மடிப்போடங்களைத் தொழிலாகவே செய்யத் தொடங்கினார். மூட்டையாகக் கட்டி இரயிலில் ஏறிவிடலாம், தாங்கியே வேண்டியதில்லை. அத்தகைய மடிப்போடம் ஒன்றில் 1932 இல் ஜேர்மனியின் ஊல்ம் நகரை விட்டுப் புறப்பட்ட ஒஸ்கார் ஸ்பெக் என்பவர், 1935 இல் நம் இலங்கைக் கரையையும் தொட்டு, 1939 செப்டெம்பரில் அவுஸ்திரேலியக் கடலெல்லையை அடைந்தார். அப்பொழுது உலகப்போர் மூண்டுவிட்டமையால், பகைநாட்டவர் எனச் சிறைப்பட்டார் என்பது அவரது பயணத்தின் முடிவு.

இன்று பெருவழக்கில் உள்ளவை மடியாத ஓடங்களே. கண்ணாடி நாரிழையாலும், 1970களில் தொடங்கி வார்ப்புப் பிளாஸ்டிக்காலும் அவை செய்யப்படுகின்றன. கடலுக்குரியவை பொதுவாக 14 முதல் 18 அடி நீளமும், 20 முதல் 30 கிலோகிராம் எடையும் கொண்டவை. எடை பெரிதன்று, நீளமே தொல்லை. பிளாஸ்டிக்குக்கு மேலும் ஒரு குறையுண்டு. வெயிலின் வெப்பத்தில் அது இளகும். இளகிய நிலையில் எந்த வடிவில் அழுந்துகிறதோ அந்த வடிவிலேயே நின்றுவிடும். தாங்கியின் அருமை இங்கேதான் விளங்குகிறது.

எவ்விடத்தில் தாங்குவது?

மாணவர்கள் இதனை ஒரு சிறு சோதனையால் அறியலாம். நன்கு நெகிழக்கூடிய ஒரு மீற்றர் நீளப் பிளாஸ்டிக் பட்டையை எடுத்து, அதன் இரு நுனிகளையும் இரண்டு புத்தகங்களின்மேல் வையுங்கள். நடுப்பகுதி தொய்ந்து வில்லாக வளையும். இப்போது புத்தகங்களைச் சிறிது சிறிதாக உள்நோக்கி நகர்த்துங்கள். நடுப்பகுதி மேலெழும், நுனிகள் தாழத் தொடங்கும். ஒவ்வொரு நுனியிலிருந்தும் ஏறக்குறைய 22 சென்ரிமீற்றர் தூரத்தில் புத்தகங்கள் இருக்கும்போது பட்டை மிகக் குறைவாகவே வளைந்திருக்கும். நடுப்பகுதியின் சுமையும் நுனிகளின் சுமையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடம் அது.

ஆகவே விதி இது: ஓடத்தின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் நாலில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட தூரத்தில், இரு முனைகளிலும் தாங்க வேண்டும். 16 அடி ஓடத்துக்கு நுனியிலிருந்து மூன்றரை அடி எனக் கொண்டால், இரு தாங்கிகளுக்கும் இடையே 9 அடி இருக்கும். ஓடத்தின் உள்ளே நீர் புகாமல் தடுக்கும் குறுக்குச்சுவர்கள் பெரும்பாலும் இவ்விடங்களை அடுத்தே அமைந்திருப்பதால், அங்கே உறுதியும் மிகுதி.

எதனால் தாங்குவது என்பதும் கேள்வியே. ஒடுங்கிய இரும்புக் குழாயின்மேல் வைத்தால் சுமை முழுவதும் ஒரு கோட்டிலே அழுந்தும். அகன்ற நைலோன் பட்டியைத் தொட்டில்போலத் தொங்கவிட்டு அதில் வைத்தால், பட்டி ஓடத்தின் வளைவுக்கேற்பத் தானே வளைந்து சுமையைப் பரப்பிவிடும். நீரின் கையை நிலத்தில் ஒருவாறு ஒத்திருப்பது இந்தத் தொட்டிலே.

தாங்கி செய்யும் முறை

இரண்டு ஓடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கத்தக்க ஒரு தாங்கியை இங்கு விளக்குகிறோம். வேண்டிய பொருள்கள்: 4 அங்குல அகலமும் 2 அங்குலத் தடிப்பும் உள்ள மரச்சலாகை ஏறக்குறைய 75 அடி, 2 அங்குல அகல நைலோன் பட்டி 20 அடி, நாகம் பூசிய போல்ட்டுகளும் அவற்றுக்குரிய நட்டுகளும் அகன்ற வாசர்களும், நீண்ட திருகாணிகள் சில. பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றிய நல்ல மரம் கிடைக்குமாயின் செலவு பெரிதும் குறையும். உளுத்த பகுதியையும் வெடித்த பகுதியையும் கழித்துவிடுக.

முதலில், வாசற்கால் போன்ற இரு சட்டகங்களைச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை அடி உயரமுள்ள இரண்டு கால்களை, இடையே 30 அங்குல வெளி விட்டு நிறுத்துக. மேலே 38 அங்குல நீளமுள்ள குறுக்குச் சட்டத்தையும், கீழே நாலரை அடி நீளமுள்ள பாதச் சட்டத்தையும் கால்களின் அகன்ற முகத்தின்மேல் பொருத்தி, ஒவ்வொரு மூட்டுக்கும் 5 அங்குலப் போல்ட்டு இரண்டு வீதம் பூட்டுக. பாதம் இருபுறமும் 8 அங்குலம் நீண்டிருப்பதால் சட்டகம் பக்கவாட்டில் எளிதிற் சரியாது. கீழ்மூலைகளில் முக்கோண வடிவான ஒட்டுப்பலகைத் துண்டுகளை அறைந்தால் உறுதி மேலும் கூடும்.

அடுத்து, இரு சட்டகங்களையும் 9 அடி இடைவெளியில் எதிரெதிராக நிறுத்தி, பாதத்துக்குச் சற்று மேலே, கால்களின் வெளிப்புறத்தில், ஒன்பதரை அடி நீளமுள்ள இரண்டு நெடுஞ்சட்டங்களால் இணைக்க வேண்டும். இத்தோடு வேலை முடிந்துவிட்டதென எண்ணுவோர் தாங்கியைச் சற்றே தள்ளிப்பார்க்கட்டும். அது ஓடத்தின் நீளவாக்கில் ஆடும். நாற்கோணம் எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் இணைகரமாகச் சரியக்கூடியது. முக்கோணமோ பக்கங்கள் முறியாதவரை வடிவம் மாறாதது. ஆகையால் சுவர்ப்பக்கத்தில், ஒவ்வொரு காலிலும் 4 அடி உயரத்திலிருந்து நெடுஞ்சட்டத்தின் நடுவை நோக்கி ஒரு சாய்வுச் சட்டம் அமைக்க வேண்டும். அதன் கீழ்நுனியைச் சரிவாக வெட்டி நெடுஞ்சட்டத்தின்மேல் அமர்த்தித் திருகுக. பாலங்களிலும் கூரைகளிலும் நாம் காணும் சாய்வுச் சட்டங்களுக்கும் காரணம் இதுவே.

இனித் தொட்டில். பட்டியை நாலரை அடி வீதம் நான்கு துண்டுகளாக வெட்டுக. வெட்டிய ஓரத்தை நெருப்பில் சற்றே காட்டினால் நூல் பிரியாது. நுனியை மூன்றாக மடித்து, சூடேற்றிய ஆணியால் துளையிட்டு, வாசரை வைத்துக் காலின் உட்புறத்தில் போல்ட்டால் பூட்டுக. காலின் 4 அங்குல அகலத்தையும் ஊடுருவ வேண்டியிருப்பதால் இப்போல்ட்டு 6 அங்குல நீளமாயிருத்தல் நன்று. கீழ்த்தொட்டிலை 2 அடி 3 அங்குல உயரத்திலும், மேற்றொட்டிலை நாலரை அடி உயரத்திலும் பூட்டுக. பட்டி நடுவில் 10 அங்குலம் அளவுக்குத் தாழ்ந்து தொங்கும்.

இறுதியாக, பாதங்களுக்குத் தார் பூசி, செங்கல்லின்மேல் நிறுத்துவது கறையானுக்குக் காப்பு. இரு ஓடங்களின் எடை 60 கிலோகிராம் எனின், ஒவ்வொரு காலுக்கும் 15 கிலோகிராமே வரும். மரத்துக்கு அது ஒரு சுமையன்று. ஆயினும் ஏணிபோலத் தோன்றும் எதிலும் ஏறிப்பார்ப்பது குழந்தைகளின் இயல்பு. ஆகவே மேற்குறுக்குச் சட்டங்களை இரும்புக் கோணத்தால் சுவரோடு பிணைத்தல் இன்றியமையாதது. இந்த ஒன்றைச் செய்யாது விட்ட தாங்கியை முடிவுற்ற தாங்கியாக நாம் கருதமாட்டோம்.

வைத்துப் பேணுதல்

ஓடத்தை ஒரு முனையிலிருந்தே தொட்டிலுள் நுழைக்க வேண்டியிருப்பதால், தாங்கியின் முன்னே ஓடத்தின் நீளத்துக்கு வெளி வேண்டும். எடை கூடியதைக் கீழேயும் குறைந்ததை மேலேயும் வைக்கவும். தூக்கும்போது முதுகை வளைத்து இழுக்காமல், முழங்காலை மடக்கி, இருவர் இருபுறமும் நின்று ஒரே வேளையில் எழுவது நன்று.

உப்புநீரில் சென்ற ஓடத்தை நன்னீரால் கழுவி, உள்ளிருக்கும் நீரை வடித்தபின்பே ஏற்ற வேண்டும். சூரியனின் புறவூதாக் கதிர் பிளாஸ்டிக்கை நாளடைவில் நொறுங்கச் செய்யும். ஆகையால் தாங்கியை நிழலிலே அமைப்பது நன்று. ஓலைக் கொட்டில் ஒன்றே போதுமானது. நீர் புகாத அறைகளின் மூடிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டால், வெப்பத்தால் விரியும் உட்காற்று வெளியேற வழி கிடைக்கும். அமரும் துவாரத்தை மட்டும் துணியால் மூடிவைக்கவும். பனிநாட்டிலே நாய் பகையெனின், நம் நாட்டிலே எலியும் குளவியும் பாம்பும் அங்கே குடிபுக விரும்பும்.

காரின் கூரைமேல்

வீட்டுத் தாங்கி பிழைத்தால் ஓடம் கெடும். வீதியில் செல்லும் தாங்கி பிழைத்தால் பிறர் உயிர் கெடும். ஆதலின் இங்கே சிக்கனத்துக்கும் ஓர் எல்லையுண்டு. முன்னாளைக் கார்களின் கூரையோரத்தில் மழைநீர் வழிந்தோடும் தகர விளிம்பு இருந்தது. அதிலே கொளுவி மரச்சட்டங்களைப் பூட்டினர். இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் அவ்விளிம்பு இல்லை. எனவே கூரையைப் பற்றிநிற்கும் குறுக்குத் தண்டுகளை அக்காருக்கென்றே செய்யப்பட்டனவாக வாங்க வேண்டும். கூரை தாங்கும் சுமையைக் காரின் கையேட்டில் பார்த்தறிக. அத்தண்டுகளின்மேல் அமரும் தொட்டிலை மட்டும் நாமே செய்யலாம்: ஓடத்தின் அடிவளைவை அட்டையில் வரைந்து, அதன்படி தடித்த பலகையை அறுத்து, மேலே இறப்பர் மெத்தை ஒட்டித் தண்டோடு பூட்டினால் போதும்.

கூரைத் தண்டுகளுக்கிடையே 9 அடி தூரம் கிடையாது. மூன்று நான்கு அடியே கிடைக்கும். முன்னும் பின்னும் நீண்டு நிற்கும் பகுதியைக் காற்று தூக்கப்பார்க்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார்மேல் 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசினால், ஓடம் 80 கிலோமீற்றர் காற்றையே எதிர்கொள்கிறது. விசை ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகிறது. ஆகவே இரண்டு தண்டுகளிலும் அகன்ற பட்டியால் கட்டுவதோடு, ஓடத்தின் முன்முனையையும் பின்முனையையும் காரின் இழுவைக் கொளுக்கிகளோடு தனித்தனிக் கயிற்றால் பிணைக்க வேண்டும்.

பட்டியைக் கையால் இறுகுமளவு இழுத்தால் போதும். நெம்பி இறுக்கும் பற்சக்கரப் பூட்டு ஓடத்தை நசுக்கிவிடக்கூடும். பட்டியை ஓரிடத்தில் ஒருமுறை முறுக்கிக் கட்டினால், காற்றிலே அது எழுப்பும் இரைச்சல் அடங்கும். நைலோன் கயிறு நனைந்தால் நீளும். ஆகையால் மழை நாளில் இடையிடையே இறுக்கிப்பார்க்க வேண்டும். புறப்பட்டுச் சில கிலோமீற்றர் சென்றதும் நிறுத்தி, எல்லாக் கட்டுகளையும் ஒருமுறை தொட்டுப்பார்ப்பது நல்ல சாரதியின் வழக்கம். பின்னே நீண்டிருக்கும் நுனியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டவும் மறத்தலாகாது.

ஓடத்தைக் கரையிலே பேணும் அறிவு நமக்குப் புதிதன்று. ஆங்கில மொழிக்குத் தன் பெயரையே வழங்கிய நம் கட்டுமரத்தில் தொழில் செய்தோர், கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலிற் பரப்பி உலர்த்தினர். நீர் ஊறிய மரம் மிதக்கும் வலிமையை இழக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பனிநாட்டான் கல்லை அடுக்கினான். நம் கரையோரத்தான் கட்டை அவிழ்த்தான். நோக்கம் ஒன்றே: நாளைக்கும் இவ்வோடம் நம்மைச் சுமக்க வேண்டுமாயின், இன்றிரவு இதனை நாம் செவ்வனே சுமக்க வேண்டும்.

ஒரு வாரவிடுமுறையின் உழைப்பும், வாளும் சுத்தியலும், சிறிது பொறுமையும் இருந்தால் இத்தாங்கியை எவரும் செய்து முடிக்கலாம். தந்தை மரத்தை அறுக்க, தாய் அளவுகளைச் சரிபார்க்க, பிள்ளைகள் போல்ட்டுகளைப் பூட்ட, குடும்பம் முழுவதும் கூடிச்செய்யும் வேலை இது. நீரில் இறங்கும் இன்பத்துக்கு முன்னே நிலத்தில் கிடைக்கும் இன்பம் இஃதென்றே நாம் கருதுகிறோம்.